பாட்டிலைத் திருப்பிப் பார்க்கும் அண்ணி

என் அண்ணியைப் பற்றிப் பேசினால் முதலில் அவர் வாயைப் பற்றித்தான் பேச வேண்டும். அந்த வாய் இல்லாவிட்டால் நான் இன்று இந்தத் தொழிலில் இல்லை.

துணிக்கடைக்கு மேல் மாடியில் நாங்கள் இருவரும் அழகு நிலையம் நடத்துகிறோம். ஒரே அறைதான். முகம் அண்ணியின் பொறுப்பு, தலைமுடி என் பொறுப்பு. முன்பெல்லாம் வாங்கிவரும் க்ரீம், ஷாம்பு எதுவானாலும் அண்ணி பெயர் ஒட்டாத அழகான கண்ணாடி பாட்டில்களில் ஊற்றி அடுக்கிவிட்டு, டப்பாக்களைக் குப்பையில் போட்டுவிடுவார். "உள்ள வந்ததும் கண்ணுக்கு லட்சணமா இருக்கணும்ல?" என்பார்.

அப்போதுதான் என் கைகளில் கொப்புளம் வந்தது. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு, தண்ணீர் பட்டால் எரிச்சல். தோல் மருத்துவர் முதுகில் பட்டைகளை ஒட்டி ஒவ்வாமைச் சோதனை செய்து, வாசனைப் பொருள் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். கடையில் என்னென்ன பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டார்.

"உயரமான பாட்டில்ல இருக்கறது தலைக்கு. குட்டையா இருக்கறது கைக்கு."

மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "உள்ள என்ன இருக்குன்னே தெரியலைன்னா எப்படிம்மா? இப்படியே போனா நீங்க வேற வேலைதான் தேடணும்."

எனக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்தாலும் பிடிக்காது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

"கண்ணைத் தொடைடி. அந்தக் கையால தொடைக்காதே, எரியும்" என்றார் அண்ணி.

மறுநாளே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கி வந்தார். 'முழுக்க இயற்கை', 'மென்மையான சருமத்துக்கு', 'தோல் மருத்துவரால் பரிசோதிக்கப்பட்டது' என்றெல்லாம் முகப்பில் கொட்டை எழுத்தில் இருந்தது. நாங்களும் நம்பினோம். என் கை முன்பைவிட மோசமாக வீங்கியது.

அண்ணிக்கு வந்ததே கோபம்! டப்பாவிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

"டாக்டர் பரிசோதிச்சார்னு போட்டிருக்கீங்களே, பார்த்துட்டு என்ன சொன்னாரு?"

"அந்த விவரம் எங்ககிட்ட இல்லைங்க மேடம்" என்றது மறுமுனைக் குரல்.

"எங்க வீட்டுப் பிள்ளை பரீட்சை எழுதிட்டேன்னு வந்து நின்னா, பாஸா ஃபெயிலான்னு கேக்க மாட்டோமா?"

அதற்குப் பிறகு அண்ணி முகப்பைப் படிப்பதையே விட்டுவிட்டார். கடைகளில் டப்பாவைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார். இயற்கை என்றதில் பூ எண்ணெய் இருந்தது. அந்த வாசனையும் எனக்கு ஆகாது. மணமே வராத ஒரு க்ரீமில்கூட, அதன் சொந்த வாடையை அமுக்க வாசனைப் பொருள் சேர்த்திருந்தார்கள். கடைக்காரர்கள் எங்களைக் கண்டாலே முகத்தைச் சுளித்தார்கள். அண்ணி கண்டுகொள்ளவில்லை. அழகான கண்ணாடி பாட்டில்கள் பரணுக்குப் போயின. அவலட்சணமான டப்பாக்கள் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு அலமாரியில் நின்றன.

கை ஆறியது. ஆனால் வலது கட்டைவிரல் ஓரம் மட்டும் அடம்பிடித்தது. கடையில் சந்தேகப்பட ஒன்றும் மிச்சமில்லை. மருத்துவர் சொன்னது நடந்துவிடுமோ என்று உள்ளுக்குள் பயந்தேன். வெளியே சொல்லவில்லை.

தினமும் கடை திறக்கும் முன் அண்ணிக்குக் கழுத்தோர முடியைக் கட்டைவிரலால் ஒதுக்கிக் கொண்டை போட்டுவிடுவது என் வேலை. ஒரு காலை, அவர் கழுத்தில் எந்த மணமும் இல்லை. அண்ணன் ஆசையாக வாங்கிக் கொடுத்த செண்டைப் பூசாமல் அவர் வாசல் தாண்டியதில்லை.

"செண்டு எங்க அண்ணி?"

"தீர்ந்துடுச்சு. நீ கொண்டையைப் போடு, நேரமாகுது."

சில வாரங்களில் கட்டைவிரலும் ஆறியது. கத்தரிக்கோல் பழையபடி கையில் நின்றது. ஒருநாள் படியேறும்போது கீழ்க்கடை அம்மாவிடமிருந்து அதே மணம் வந்தது. நின்று, ஏது என்று கேட்டேன்.

"உங்க அண்ணி குடுத்ததும்மா. பாட்டில் கழுத்துவரைக்கும் இருந்துச்சு. ஏன்னு கேட்டா, இனிமே வேண்டாம்னுட்டாங்க."

ஒரே ஓட்டமாக மேலே போய் அண்ணியைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டேன்.

"விடுடி, கொண்டை கலையுது" என்றார். ஆனால் என் வலது கையைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.