பெட்டிக்குள்ளா, கேமராவுக்குள்ளா

ஜெயராணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கடலூர் முதுநகரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பாவே செல்போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தாலும், "தள்ளுங்க மாமா, ஒங்க முதுகையா வீடியோவுல போடறது" என்று மண்டபத்துக்கே கேட்கும்படி சொல்லிவிடுவாள். அதற்காக அவளைக் கூப்பிடாமல் விட்டவர்கள் கிடையாது. ஜெயராணி எடுத்தால் எதுவும் விட்டுப்போகாது என்ற பெயர் இருந்தது. பதினேழு வருடம் தோளில் கேமராவைச் சுமந்து வாங்கிய பெயர். அதை ஒரே பிற்பகலில் அருள்முருகன் வாயில் போட்டுக்கொண்டான்.

அருள்முருகன் கூட்டங்களுக்குப் பந்தல், மைக், வீடியோ எல்லாம் மொத்தமாகப் பிடித்துச் செய்கிறவன். சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு இறால் பண்ணை பக்கத்து நிலங்களையும் வளைத்துப் பெரிதாகப் பார்த்தது. அதற்கு முன் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களைக் கூட்டி, அவர்கள் சொல்வதை முழுக்க வீடியோ எடுத்து மேலே அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். பண்ணைக்காரர்கள் அருள்முருகனைப் பிடித்தார்கள். அவன் ஜெயராணியைப் பிடித்தான்.

கத்திரி வெயில், தகரக் கொட்டகை. கேமராவை நிறுத்தும்போதே அவன் ஒரு ரெக்கார்டர் பெட்டியோடு வந்தான். கேமராவிலிருந்து ஒரு கேபிள் அதற்குப் போகும். படம் கேமராவுக்குள் இருக்கும் கார்டில் பதியாது, பெட்டிக்குள் இருக்கும் டிஸ்கில் பதியும்.

"உள்ள பதிஞ்சீங்கன்னா இந்த வெயில்ல கேமரா சூடாயி நின்னுடும்கா. பொட்டியில போட்டா மூணு மணி நேரம் ஒரே தம்ல ஓடும். கலரும் நல்லா வரும்."

"ரெண்டுலயும் போட்டுக்கறேன் தம்பி."

"ரெண்டுலயும்னா சூடு இன்னும் ஜாஸ்தியாவும்கா. கார்ட எடுத்துடுங்க."

அவன் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. பின்னால் நினைக்க நினைக்க ஜெயராணியின் வயிறு எரிந்ததற்கு அதுதான் காரணம். போன கோடையில் ஒரு வளைகாப்பில், மாமியார் முதல் வளையலைப் போடும் நேரம் பார்த்து கேமரா சூடாகி அணைந்திருந்தது. அந்தப் பயம் அவளுக்குள் இருந்தது. கார்டை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

அன்றைக்குப் பேசியவர்களில் புஷ்பவள்ளியை யாரும் மறக்க முடியாது. பண்ணைக்கு வடக்கே ஒன்றரைக் காணி நெல் வைத்திருந்தவள், ஐம்பத்தைந்து வயது இருக்கும். மைக்கைப் பிடித்ததும் பேசவில்லை. கூடையிலிருந்து பிளாஸ்கை எடுத்து மேடையில் இருந்த அதிகாரிகளுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் டம்ளர் டம்ளராக டீயை ஊற்றினாள். பால் திரிந்து கட்டி கட்டியாக விழுந்தது.

"எங்க போர் தண்ணியில போட்ட டீ இது. ஒங்க உப்புத் தண்ணி எறங்கி மூணு வருசமா இதத்தான் குடிக்கறோம். நீங்க ஒரு வாய் குடிச்சிட்டு அப்பறம் பேசுங்க."

ஒருவரும் டம்ளரைத் தொடவில்லை. அவளுக்குப் பின்னால் பதினொரு பெண்கள் பேசினார்கள். கூட்டம் முடிந்ததும் அருள்முருகன் பெட்டியைக் கழற்றிக்கொண்டு கிளம்பினான். ஜெயராணி வெறும் கேமராவோடு கடலூர் பஸ் ஏறினாள். நல்ல வேலை செய்த திருப்தி வேறு.

மேலே போன வீடியோவில் டீ இல்லை, பதினொரு பெண்கள் இல்லை, அவர்கள் பேசிய நாற்பது நிமிடமே இல்லை. பெண்கள் திட்டத்தை வரவேற்றுப் பேசினார்கள் என்று அறிக்கையில் எழுதியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் தோட்டத்தையே மறைத்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் போய்க் கேட்டதற்கு, வீடியோவில் இருந்தால் காட்டுங்கள் என்றார்களாம்.

புஷ்பவள்ளி பஸ் ஏறி ஜெயராணியின் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எனக்கு எதிர்லதான நின்னு புடிச்ச. குடு."

"எங்கிட்ட இல்லம்மா. அது அவுங்க டிஸ்க்ல பதிஞ்சது."

"ஒன் கேமரா பொட்டிக்குள்ள ஒன்னும் இல்லியா?"

"இல்லம்மா."

"அப்பறம் என்னாத்துக்கு அத்தத் தூக்கிகிட்டு வந்த?"

அவள் போன பிறகு ஜெயராணி அருள்முருகனுக்குப் போன் போட்டாள். "டிஸ்க அழிச்சி வேற பங்ஷனுக்குப் போட்டுட்டோம்கா. எங்க டிஸ்க்தான" என்றான். வாதாட இடமில்லை. அவனுடைய பெட்டி, அவனுடைய டிஸ்க். எடுத்துக் கொடுத்தது மட்டும் இவள் கை. அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. வீட்டுக்காரர் கதிர்வேல், "கார்ட எடுன்னான், எடுத்த. ஒம்மேல என்னா தப்பு" என்றார். அந்த ஆறுதலுக்கு அவருக்கு இரண்டு நாள் சோற்றோடு திட்டும் கிடைத்தது. எதற்கெல்லாமோ சீறுகிறவள், சீற வேண்டிய இடத்தில் சரி தம்பி என்று தலையாட்டியிருக்கிறாள். அதை அவளால் செரிக்க முடியவில்லை.

ஊர்க்காரர்கள் விடவில்லை. மனுவுக்கு மேல் மனு போட்டு, மறுபடியும் கூட்டம் நடத்த உத்தரவு வாங்கினார்கள். இந்த முறை சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் வெளிப்பந்தலில். அருள்முருகன் கூசாமல் ஜெயராணியையே கூப்பிட்டான்.

"போன தடவ மாரியே பண்ணிக் குடுத்துடுங்கக்கா. ஒங்கள மாரி சொன்னத கேக்கறவுங்க கெடைக்க மாட்டறாங்க."

சொன்னதைக் கேட்கிறவள். அவளை இதற்கு முன் யாரும் இப்படித் திட்டியதில்லை. வருகிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

அன்று சீக்கிரமே போய் நின்றாள். பெட்டியின் கேபிளை அவனே வந்து மாட்டட்டும் என்று விட்டாள். கார்டு கேமராவுக்குள் இருந்தது. சூடு குறைய, படத்தின் தரத்தை ஒரு படி இறக்கினாள். கலர் மங்கினால் மங்கட்டும், பேச்சு இருந்தால் போதும். காற்றுப் போக, பின்பக்கத் திரையைக் கேமராவின் உடம்பிலிருந்து விலக்கித் திறந்து வைத்து, கொண்டுவந்த குடையைக் கேமராவுக்கு மேல் கட்டினாள். தான் வெயிலில் நின்றாள்.

கூட்டம் தொடங்கி அரை மணி நேரம் கழித்துத்தான் அருள்முருகன் கேமராவை உற்றுப் பார்த்தான்.

"என்னாக்கா, உள்ளயும் ஓடுது? கார்ட எடுங்க."

"டிஸ்க் ஒன்னுது. கேமரா என்னுது. ஒன்னுத நீ பாத்துக்க."

"சூடாயி நின்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

"போன தடவைக்கே இன்னும் சொல்லி முடிக்கல. போய் ஒக்காரு அருளு. கேமராவுல கை வச்ச, அதுவும் பதியும்."

அடுத்துப் புஷ்பவள்ளியைக் கூப்பிட்டார்கள். அதே கூடை, அதே பிளாஸ்க். மைக்கைப் பிடித்தவள் மேடையைப் பார்க்கவில்லை, ஜெயராணியைப் பார்த்தாள்.

"ஏம்மா, இந்தத் தடவ எதுல பதியுது? சொல்லு. அப்பறம் பேசறேன்."

பந்தலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. கூட்டத்துக்கு நடுவே வாயைத் திறக்க ஜெயராணி தயங்கியது அன்று ஒருநாள்தான்.

"போன தடவ நீங்க பேசுனது எல்லாத்தையும் இவுங்க பொட்டியில பதிஞ்சி, இவுங்க கையிலயே குடுத்துட்டுப் போனேன். நாப்பது நிமிசம் பேசுனீங்க, நான் பாத்தேன். இன்னைக்குக் கேமராவுக்குள்ளயும் ஓடுதும்மா."

அதுவும் கார்டில் பதிந்தது. புஷ்பவள்ளி டம்ளர்களை வரிசையாக வைத்து, முதலிலிருந்து தொடங்கினாள்.

கேமரா கடைசிவரை நிற்கவில்லை. கூட்டம் முடிந்ததும் ஜெயராணி அங்கேயே லேப்டாப்பில் ஒரு பிரதி ஏற்றிக்கொண்டு, கார்டைக் கழற்றிப் புஷ்பவள்ளியிடம் கொடுத்தாள். தண்ணீர் படாமல் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"எங்க ஊட்டுத் தண்ணி பட்டா என்னா ஆவும்னு எனக்கா சொல்ற" என்றபடி அவள் அதை முந்தானையில் வைத்து இரண்டு முடிச்சாக முடிந்தாள். நன்றி சொல்வாள் என்று ஜெயராணி எதிர்பார்த்தாள் போலிருக்கிறது, நின்றுகொண்டே இருந்தாள்.

"இத அன்னைக்கே குடுத்திருந்தா, ஊரு ரெண்டாவது தடவ வெயில்ல நின்னிருக்காது" என்றாள் புஷ்பவள்ளி. கூடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஜெயராணிக்குக் கோபம் வரவில்லை. சொன்னது சரி.