தாய்ப் பவளமும் கறிவேப்பிலைச் செடிகளும்

பவளம் வளர்க்கும் தொழிலில் சரக்குக்கு வாய் இல்லை. பசித்தாலும் நொந்தாலும் நிறத்தைத்தான் மாற்றிக் காட்டும், அதைப் பார்த்து நாம்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். நாய்க்குட்டியோ ரோஜாக்கன்றோ, உயிருள்ள எதையாவது விற்றுப் பிழைப்பவர்களுக்கு இந்தப் பாடு தெரிந்திருக்கும்.

ஜெர்மன் நகரமான டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஊரில், எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில், இங்கத்தைப் பேச்சில் 'கெல்லரில்', கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்காகப் பவளம் வளர்க்கிறேன். பொதிகள் ஏற்றி இறக்கும் கிடங்கு வேலையை ஐம்பதைத் தாண்டியபின் விட்டுவிட்டு, பொழுதுபோக்கைத் தொழிலாக்கினவன். அது துணிவா விசரா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

என்னிடம் ஒரு தாய்ப் பவளம் இருந்தது. பச்சை உடம்பு, கிளை நுனிகளில் ஊதா. ஒரு கிளையை நறுக்கிச் சின்னப் பீங்கான் கட்டையில் ஒட்டிவிட்டால், சில மாதங்களில் அது தனிப் பவளம். பதியன் போடுவது மாதிரித்தான். வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதைத் தேடித்தான் வந்தார்கள். அது போனால் என் தொழிலும் போகும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

வாடகை ஒப்பந்தம்

கார்த்திக் டார்ம்ஸ்டாட்டில் படிக்கிற பையன், ஊர் கோயம்புத்தூர். வந்தவுடன் தொட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டு, இது கல்லா செடியா என்று கேட்டான். இரண்டும் இல்லை, பிராணி என்றேன். அந்தக் கல்லை அதுவே தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறது, உள்ளே குடியிருக்கும் பாசிதான் அதற்குச் சாப்பாடு போடுகிறது என்று விளக்கினேன். விளக்கம் சொல்ல ஆள் கிடைத்தால் நான் நிறுத்தமாட்டேன்; அது என் குறை.

அவன் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டான். தாய்ப் பவளத்தின் பதியன் ஒன்றை வாங்கினான். கதவடியில் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, அப்போ ஹவுஸ் ஓனர்கிட்ட இதை பெட் அனிமல்னு சொல்லணுமா, டெக்கரேஷன்னு சொல்லணுமா?"

இலவசம்

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல பவளம் வைத்திருப்பவர் ஒரு துண்டை இன்னொருவருக்குச் சும்மா கொடுத்து வைப்பார். மின்சாரம் நின்றோ சூடேற்றி பழுதாகியோ தன் தொட்டி அழிந்தால், அங்கிருந்து திரும்ப எடுக்கலாம் என்ற கணக்கு. அதைத் தாராள மனம் என்பதா பயம் என்பதா என்று நான் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன்.

ஹெர் க்ரூகர், நம் வழக்கில் திரு க்ரூகர், ஓய்வுபெற்ற லிஃப்ட் பழுதுபார்ப்பவர். தொட்டிப் பாசியைத் தின்னும் ஒரு நத்தை வாங்க வந்தாலும் அதைப் பூதக்கண்ணாடியால் பார்த்துத்தான் எடுப்பார். அவருடைய தொட்டி அவ்வளவு ஒழுங்கு என்பதால், தாய்ப் பவளத்தின் துண்டு ஒன்றை அவருக்கு நீட்டினேன். இந்த வழக்கம் அவருக்குப் புதிது. காசு வேண்டாம், வளர்த்தால் போதும் என்றேன். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சும்மா தருகிறீர்கள். அப்படியென்றால் இதில் எங்கேயோ ஒரு குறை இருக்கிறது" என்றார்.

பனிக்கால விருந்தாளிகள்

இங்குள்ள எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள கவலை, பனிக்காலத்தில் கறிவேப்பிலைச் செடியை எங்கே வைப்பது என்பது. யன்னல் கரையில் வைத்தால் இலை கொட்டும், ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தால் காயும். என்னுடைய அறையிலோ பகல் முழுக்க வெளிச்சம், இளஞ்சூடு, காற்றில் ஈரம். மனைவி வதனி இதை ஒரு பிறந்தநாள் விழாவில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரமே, நாலு தெரு தள்ளியிருக்கிற சாந்தி அக்கா மூன்று கறிவேப்பிலைச் சாடிகளோடு வந்துவிட்டார். தாய்ப் பவளத் தொட்டிக்குப் பக்கத்தில் நல்ல வெளிச்சம் என்று தானே இடமும் பிடித்தார். ஏலாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாருங்கோ தம்பி, இப்பதான் உங்கட கெல்லருக்க சாப்பிடக்கூடிய ஒண்டு வளருது."

மருந்து

மாசி மாதம், நான் ஒரு வாடிக்கையாளருக்குத் தொட்டி அமைத்துப் பூட்டிக்கொடுக்கப் போயிருந்தபோது, அக்கா செடிகளைப் பார்க்க வந்திருக்கிறார். இலையின் அடியில் வெள்ளைப் பூச்சி. கைப்பையில் வைத்திருந்த பூச்சிமருந்தை எடுத்து, நன்றாக, குறையில்லாமல் விசிறியிருக்கிறார். திறந்த தொட்டிக்குள் அது இறங்கியது அவருக்கு எப்படித் தெரியும்?

நான் வரும்போது தொட்டியில் இருந்த இறால்கள் கவிழ்ந்து கிடந்தன. தண்ணீரை மாற்றினேன், நஞ்சை உறிஞ்சக் கரி போட்டேன், உயிர் இருந்த கிளைகளை நறுக்கி வேறு தொட்டிக்கு மாற்றினேன். ஒன்றும் பிழைக்கவில்லை. ஊதா நுனிகள் முதலில் போயின, பிறகு சதை உரிந்து வெள்ளை எலும்பு மட்டும் மிஞ்சியது. அக்கா வந்து பார்த்து அழுதார். அவரைத் தேற்றிக்கொண்டே, கிடங்கில் என்னைத் திரும்ப எடுப்பார்களா என்று உள்ளுக்குள் யோசித்தேன்.

ஒரு வாரம் அந்தத் தொட்டிக்கு முன்னாலேயே கதிரை போட்டு இருந்தேன். வதனி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "இஞ்சாருங்கோ, செத்ததைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதெண்டால் அந்த லைற்றையாவது நிப்பாட்டுங்கோ. கரண்ட் சும்மா ஓடுது" என்றாள்.

தொலைபேசி

விளக்கை அணைத்த பிறகுதான் மூளை வேலை செய்தது. பதியன் வாங்கினவர்களுக்கு ஒவ்வொருவராக அழைத்தேன். ஒருவர் தொட்டியையே விற்றுவிட்டார். இன்னொருவருடையதை மீன் கடித்துத் தின்றுவிட்டது. கடைசியாகக் கார்த்திக் எடுத்தான். "சாரி அண்ணா. கரண்ட் பில்லைப் பார்த்துட்டு ரூம்மேட் டேங்க் ஹீட்டரோட பிளக்கைப் புடுங்கிட்டான். டெக்கரேஷன்னு நினைச்சுட்டானாம்."

குளிர்ப்பை

ஹெர் க்ரூகருக்கு மட்டும் நான் அழைக்கவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வெட்கம். வழக்கத்தின் பொருளே அதுதான் என்றாலும், கேட்கிற இடத்தில் நிற்கும்போது அது வழக்கமாகத் தெரியவில்லை, கையேந்துவதாகத் தெரிந்தது.

அவர் நத்தை வாங்க வந்தார். வெறும் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நத்தை வாங்காமலே போய்விட்டார். பின்னேரம் குளிர்ப்பை ஒன்றோடு திரும்பி வந்தார். உள்ளே, என் உள்ளங்கையைவிடப் பெரிதாக, பச்சைக் கிளைகள், ஊதா நுனிகள். அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தார். "இவ்வளவு காலமும் குறையைத் தேடினேன், கிடைக்கவில்லை. பாதியை நான் வைத்துக்கொண்டேன். முழுவதையும் உங்களிடம் தர, மன்னிக்க வேண்டும், நம்பிக்கை போதாது."

மறுபடியும் சாடிகள்

அந்தப் பாதி இப்போது கிளைவிட்டு நிற்கிறது. முதல் பதியன்களை நறுக்கிவிட்டேன். அதில் ஒன்றைக் காசு வாங்காமல் கார்த்திக்குக்குக் கொடுத்தேன். அவன் அறைச் சுவரில் வீட்டுக்காரருக்கும் ரூம்மேட்டுக்குமாக 'பிராணி' என்று எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் குளிர் தொடங்க, சாந்தி அக்கா வாசலில் நின்றார். சாடிகள் காருக்குள்ளேயே இருந்தன, கேட்கத் தயங்கினார். நானே இறங்கிப் போய்த் தூக்கி வந்து வைத்தேன், இந்த முறை தொட்டிகளுக்கு எதிர்ப்புறமாக. அக்கா பின்னால் வந்தார். "தம்பி, சத்தியமா இனி மருந்து அடிக்கமாட்டன். பூச்சி வந்தால் அதையும் உங்கட வளர்ப்பிலயே சேர்த்துக்கொள்ளுங்கோ."

இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: நம்மிடம் இருப்பதில் பாதியை எப்போதும் வேறொருவர் வீட்டில் வைத்திருக்க வேண்டும், அந்த வீட்டில் கறிவேப்பிலைச் செடி இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொண்டு.