மின்கம்பியில் லாயாங் லாயாங்

மலாக்காவின் காஜா பெராங்கில் எனக்கு வாய்த்த பக்கத்து வீட்டுக்காரர் பெயர் ஆறுமுகம் பிள்ளை. நெற்றியில் திருநீறு, வாசலில் மாவிலைத் தோரணம். குடிவந்த அன்று தமிழில் நலம் விசாரித்தேன். சிரித்தபடி மலாயில் பதில் சொன்னார். பல தலைமுறைகளுக்கு முன்பே இங்கு வந்துவிட்ட மலாக்கா செட்டிகள் அவர்கள். சாமி தங்கிவிட்டது, பெயர் தங்கிவிட்டது, மொழி மட்டும் தங்கவில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை நம்புவது கஷ்டமாக இருக்கும்.

ஒரு மாலை தெரு மின்கம்பிகளில் நூற்றுக்கணக்கான சிறு பறவைகள் வந்து வரிசையாக அமர்ந்தன. கருநீல முதுகு, செங்கல் நிறத் தொண்டை, இரண்டாகப் பிளந்த வால். இதற்கு இங்கே என்ன பெயர் என்று கைகாட்டிக் கேட்டேன். “லாயாங் லாயாங்,” என்றார் பிள்ளை. மலாயில் அது நூல்கட்டிப் பறக்கவிடும் பட்டத்தின் பெயர் என்றுதான் எனக்குத் தெரியும். அண்ணாந்து பட்டத்தைத் தேடினேன். அவர் என் தாடையைப் பிடித்துக் கம்பிப் பக்கம் திருப்பிவிட்டார். பட்டத்துக்கும் இந்தப் பறவைக்கும் இங்கே ஒரே பெயராம்.

பறவை எனக்குப் புதிதல்ல. கப்பலில் சமையலாளாக இருந்த எட்டு வருஷத்தில் பிரான்சின் மார்செய் துறைமுகக் கிடங்கின் இறவாரத்தில் மண்கூடு கட்டி அவை குஞ்சுகளுக்கு ஊட்டியதைப் பார்த்திருக்கிறேன். நறுக்க வேண்டிய காய்கறியை மறந்து நின்ற என்னைக் கவனித்த கப்பல் அதிகாரி ஒருவர், வேலையை விட்டுப் போகும்போது தன் பழைய பைனாகுலரை எனக்குக் கொடுத்தார். ஆப்பிரிக்கக் கரையில், மொம்பாசாவில் அதே பறவை நாணல்மேல் புகைபோலத் திரண்டது. ஒரு கூடுகூட இல்லை. மழையோடு வரும், பிறகு போய்விடும் என்றார் அங்கிருந்த துறைமுகத் தொழிலாளி. மலாக்காவிலும் கூடு இல்லை. எல்லாம் ஒரே கூட்டமா, பங்காளிகளா? எங்கிருந்து வருகின்றன? நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கினேன்.

மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, முந்தைய வருஷம். கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காகப் போட்ட அவசரகாலம் இன்னும் முடியவில்லை. உஜோங் பாசிர் கரையில் நின்று, கடல்மேல் அவை வரும் திசையைப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தபோது போலீஸ்காரர்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். நோட்டில் தமிழெழுத்து, தேதிகள், திசைக்கோடுகள், மார்செய், மொம்பாசா. யாருக்குச் சேதி அனுப்புகிறாய் என்று சார்ஜன்ட் கேட்டார். என் குடியுரிமை மனு அந்த வாரம்தான் போயிருந்தது. அவர் ஒரு வரி எழுதினால் போதும், இந்த நாட்டில் எனக்கு இடமிருக்காது. 

விஷயம் கேள்விப்பட்டுப் பிள்ளை சைக்கிளில் வந்து சேர்ந்தார். “டியா தெங்கோக் பூரோங் சாஜா,” என்றார். பறவைதான் பார்க்கிறான், வேறொன்றும் இல்லை. சார்ஜன்ட் நம்பவில்லை. பிள்ளை மேஜைமேல் இருந்த பைனாகுலரை எடுத்து அவரிடமே கொடுத்து ஜன்னலைக் காட்டினார். வெளியே கம்பியில் ஒரு பறவை இறகு கோதிக்கொண்டிருந்தது. சார்ஜன்ட் வெகுநேரம் பார்த்தார். தினமும் பார்க்கிற பறவை, அதன் தொண்டை சிவப்பென்று இன்றுதான் தெரியும் என்று சொல்லி நோட்டைத் திருப்பித் தந்தார்.

குடியுரிமை கிடைத்தது. சுதந்திரம் வந்த மறுவருஷம், அக்காவைப் பார்க்க நாகப்பட்டினம் கிளம்பினேன். பஸ் ஏறும் இடம்வரை பிள்ளை பெட்டியைத் தூக்கி வந்தார். “பெர்கி கா, பாலிக் கா?” என்று கேட்டார். போய்வரப் போகிறாயா, சொந்த ஊருக்கே திரும்பிப் போகிறாயா? “போயிட்டு வரேன்,” என்றேன் தமிழில். அவருக்குப் புரியவில்லை, சிரித்துக் கையசைத்தார்.

இரண்டு மாதம் கழித்து அக்காவிடமும் அதையே சொல்லிவிட்டுத்தான் மலாக்கா திரும்பக் கப்பலேறினேன். அவளுக்குப் புரிந்தது, அழுதாள்.