தலையணை உறைக்குள் வைத்த பாஸ்போர்ட்

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த புதிதில், ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மலிவு ஹோட்டலில் தங்கினேன். திருட்டுக்குப் பயந்து பாஸ்போர்ட்டைத் தலையணை உறைக்குள் ஒளித்துவிட்டு வேலை தேடிப் போனேன். மத்தியானம் திரும்பினால் உறை புதிது, பாஸ்போர்ட் இல்லை. காலையில் என்னிடம் ஊர் விசாரித்த, அறை துப்புரவாக்கும் யாழ்ப்பாணத்து அக்கா வாசலில் நின்றார்.

"எடுத்ததைத் தாங்கோ. இல்லாட்டி பொலிசுக்குப் போறன்" என்று கத்தினேன்.

அவர் நடுங்கியபடி சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார்.

"உறையோடை சலவைக்குப் போகப் பாத்தது, தம்பி. உங்கடை கையிலை தரவேணுமெண்டுதான் வேலை முடிஞ்சும் நிக்கிறன். பொலிசை மட்டும் கூப்பிடாதேங்கோ. எனக்கு இஞ்சை இருக்க பெர்மெசோ பத்திரம் இல்லை."

பொலிசைக் கண்டாலே நடுங்கி ஊரைவிட்டு ஓடிவந்தவன் நான். வந்த இடத்தில் அதே பொலிசைச் சொல்லித்தான் அவரை நடுங்க வைத்தேன்.