கொசு அக்காவின் ஒரே குத்து

எங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறையில் இரண்டு மேஜைகள். ஒன்றில் கொசு அக்கா, இன்னொன்றில் ரெண்டு குத்து. இரண்டுமே நோயாளிகள் வைத்த பேர். அக்கா குத்தினால் குத்தியதே தெரியாது. ரெண்டு குத்து தங்கமான மனுஷர்தான், ஆனால் அவரைக் கண்டாலே நரம்பெல்லாம் ஒளிந்துகொள்ளும். இவர்களுக்கு நடுவில் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் எனக்கு ரிஜிஸ்டர் என்றே பேர். நான் எப்படிப்பட்ட வேலைக்காரன் என்பது போகப் போகத் தெரியும்.

அக்காவிடம் ஒரு தொழில் ரகசியம் இருந்தது. அறையில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம், மேலதிகாரிகளுக்கு மட்டும் தெரியாது. கையுறை போட்டதும் ஆள்காட்டி விரல் நுனியைக் கத்தரியால் நறுக்கிவிடுவார். வெறும் விரலால் தடவி, கண்ணை மூடிக்கொண்டு நரம்பைத் தேடுவார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்த இடத்தைத் திரும்பத் தொடக்கூடாது என்று சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதற்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குத்துவார். இருபத்திரண்டு வருஷத்தில் யாரையும் இரண்டாவது தடவை குத்தியதில்லை. அந்தக் கர்வம் நடையிலேயே தெரியும். கை கழுவிக் கழுவி விரலெல்லாம் வெடித்துப்போனதால் இழுப்பறையில் ஒரு வெள்ளைக் களிம்பு வைத்திருந்தார். ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் அதைத் தடவிக்கொள்வார்.

அக்காவின் கொழுந்தன் சலூன் வைத்திருந்தார். அவருக்குப் பிறவியிலேயே அரிவாள் செல் நோய். ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் அரிவாள் போல வளைந்து, குறுகலான இடங்களில் சிக்கி, சீக்கிரமே உடைந்தும் போகும். வலி வந்தால் உயிர் போகும். போதாததற்குக் கணுக்காலில் ஒரு புண் வந்து, ஒன்றரை வருஷமாக ஆறவேயில்லை. நாள் முழுக்க நின்று செய்கிற தொழில். இன்னும் ஆறு மாதத்தில் ஆறாவிட்டால் நிற்கிற வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்தக் கடையைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. ஆனால் வாய் மட்டும் குறையவில்லை.

"கல்யாணமாகி வந்த நாள்லேருந்து எங்க குடும்பத்து ரத்தத்தை உறிஞ்சுறீங்க அண்ணி. எங்கண்ணனுக்கு வீட்டோட போச்சு. என்னை ஆஸ்பத்திரியிலயும் விடமாட்டேங்குறீங்களே."

"உங்கண்ணன் தலையைக் கண்டபடி வெட்டி வழுக்கையாக்குனது யாரு? பேசாம கையை நீட்டு."

அந்த வருஷம் டாக்டரம்மா ஒரு ஆய்வு தொடங்கினார். இந்த நோய்க்காரர்களின் ரத்தத்தில் துத்தநாகமும், அதாவது ஜிங்க்கும், செம்பும் எவ்வளவு இருக்கின்றன என்று பார்க்கிற ஆய்வு. அணுக்கள் உடைய உடையத் துத்தநாகம் சிறுநீரோடு போய்விடுமாம். செம்பு ஏறி நிற்குமாம். துத்தநாகம் குறைந்தால் புண் ஆறுவது கஷ்டமாம். குறைவாக இருக்கிறவர்களுக்கு ஆறு மாதம் மாத்திரை. போதுமானது இருந்தால் கிடையாது, ஏனென்றால் தேவைக்கு மேல் போகிற துத்தநாகம் செம்பை ஒரேயடியாகக் கீழே இழுத்துவிடும்.

ஆய்வுக்கான பதிவேட்டில் 'எத்தனை முறை குத்தப்பட்டது' என்று ஒரு கட்டம் உண்டு. அக்காவின் பக்கத்தில் நான் காலையிலேயே மேலிருந்து கீழ்வரை 1 போட்டு வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

முடிவு வந்தது. கொழுந்தனுக்குத் துத்தநாகம் தாராளமாக இருந்தது. மாத்திரை இல்லை.

"எனக்கு ஜிங்க் எக்கச்சக்கமாம் அண்ணி. தட்டி நிமித்துனா கூரைக்குத் தகரமாப் போடலாமாம்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்து காலில் இருந்த கட்டைப் பார்த்தார். அக்கா அந்தக் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டார்.

மறுநாள் டாக்டரம்மா பதிவேட்டோடு என்னிடம் வந்தார்.

"இங்க பாருங்க. ஒரே குத்துல எடுத்தவங்களுக்கெல்லாம் ஜிங்க் ஜாஸ்தி. ரெண்டு மூணு குத்து வாங்குனவங்களுக்குக் கம்மி. வலிக்கும் ஜிங்க்குக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமோ?"

கேட்கும்போதே அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். விட்டால் அதை எழுதி வெளிநாட்டுக்கே அனுப்பிவிடுவார். அந்த ஒன்றுகளெல்லாம் குத்துக்கு முன்பே நான் போட்டவை. வலிக்கு அங்கே ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த ஒன்றுகளுக்கு ஒரே அர்த்தம்தான், எடுத்தது அக்கா.

பயந்து பயந்து அக்காவிடம் சொன்னேன்.

"என்னய்யா ரிஜிஸ்டர், குத்திக் குத்தி எடுக்குறவர் கை சுத்தம், என் கை அசுத்தமா?" என்று ஒரு பிடி பிடித்தார். ரெண்டு குத்து அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கோபத்தில் இழுப்பறையைத் திறந்து களிம்பைப் பிதுக்கி விரலில் தேய்க்கத் தொடங்கினார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் களிம்பு டியூபைப் பார்த்தேன். எறும்பு சைஸ் எழுத்தில் ஏதோ போட்டிருந்தது. சும்மா வாய் விட்டுப் படித்தேன்.

"ஜிங்க் ஆக்சைடு."

அக்காவின் விரல் அப்படியே நின்றது.

எத்தனையோ வருஷமாக அதே களிம்பு, அதே விரல். சர்க்கரைக்கும் உப்புக்கும் எடுத்த ரத்தத்தில் யார் துத்தநாகத்தைத் தேடினார்கள்? ஆனாலும் அக்கா லேசில் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. ஆய்வுக்கென்று வைத்திருந்த நீல மூடிக் குழாய் ஒன்றில் சுத்தமான தண்ணீரை ஊற்றி, களிம்பு விரலால் ஊசியைத் தொட்டு அதில் முக்கி எடுத்தார். ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர் என்று மேலே சீட்டு ஒட்டி, அதில் தன் மாமியார் பேரை எழுதினார்.

"ஏன்க்கா, வேற பேரே கிடைக்கலையா?"

"எங்க வீட்ல எதுலயும் எந்தக் கொறையும் இருக்கக் கூடாதும்பாங்க. இருக்கான்னு பார்ப்போம்."

மறுநாள் மதியம் டாக்டரம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். "யாரு இந்த அம்மா? ரத்தத்துக்குப் பதிலா ஜிங்க்தான் ஓடுது! உடனே அட்மிட் பண்ணணும்!"

"எங்க மாமியார்தான் டாக்டர். அட்மிட் பண்றதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல" என்றார் அக்கா. "ஆனா அது தண்ணி."

நுனி நறுக்கிய கையுறையையும் களிம்பையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார். அந்த ஒரு நிமிஷத்தில் அக்கா மேல் எனக்கு வந்த மரியாதை அதற்கு முன்பு வந்ததில்லை. டாக்டரம்மா சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் திருப்பி எடுக்கணும்" என்றார். "முழுக் கையுறையோட."

கொழுந்தன் வந்தார். அக்கா அவரைப் பக்கத்து மேஜைக்குப் போகச் சொன்னார். முழுக் கையுறையில் விரலுக்குக் கண் தெரியாது என்று அக்காவுக்குத் தெரியும்.

"ஜிங்க் இல்லாமலே இருந்துக்கறேன் அண்ணி, அவர்கிட்ட மட்டும் தள்ளிவிடாதீங்க" என்றார் கொழுந்தன். ரெண்டு குத்தே சிரித்துவிட்டார்.

அக்கா தடவினார், துடைத்தார், தொடாமல் குத்தினார்.

ரத்தம் வரவில்லை.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. கொழுந்தன் இத்தனை வருஷமாக இதற்குத்தானே காத்திருந்தார், இனி அவர் வாயை யார் மூடுவது என்று நினைத்தேன். அவர் மெதுவாக மற்றக் கையின் சட்டையைச் சுருட்டி நீட்டினார்.

"இந்தப் பக்கம் பாருங்க அண்ணி."

இரண்டாவதில் வந்தது. குழாய் நிறைகிறவரை அக்கா நிமிரவேயில்லை.

அடுத்த வாரம் அவர் சீட்டை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "அண்ணி, நான் ஃபெயில்! துத்தநாகத்துல ஃபெயில்!" மாத்திரை டப்பாவை அக்காவே பிரித்துக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் அந்த ரெண்டாவது குத்தைப் பற்றிய கிண்டல் தொடங்கியது. இன்றுவரை ஓயவில்லை.

ஆறு மாதம் கழித்து ஆய்வு முடிந்தபோது புண் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மாத்திரையாலா, நாளாக ஆகத் தானாகவேயா என்று மற்றவர்களின் முடிவுகளையும் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. கொழுந்தன் கடையில் நின்றுகொண்டிருந்தார், எங்களுக்கு அது போதும்.

டாக்டரம்மா சரிபார்க்கப் பதிவேட்டைக் கேட்டார். திருப்பி எடுத்த நாளின் பக்கத்தை விரித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு நடந்த பிறகும் கைப்பழக்கத்தில் அன்று காலையிலும் வரிசையாக 1 போட்டு வைத்திருந்தேன். கொழுந்தனின் கட்டத்தில் மட்டும் அந்த 1 அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அக்காவின் கையெழுத்தில் 2.

அதற்கப்புறம் நான் எந்தக் கட்டத்தையும் காலையில் நிரப்புவதில்லை.