புகை வராத நிலக்கரி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நிலக்கரியைச் சோதித்துச் சொல்லும் ஓர் ஆய்வுக்கூடத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். லாரியில் வந்து இறங்கும் கரியில் ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, சூடேற்றினால் எவ்வளவு வாயுவாகப் பறந்துபோகும் என்று அளந்து எழுதுவது என் வேலை. ஒரு துண்டைக் கையில் வாங்கியதுமே எந்த வகை என்று சொல்லிவிடுவேன். பிறகு கருவி காட்டுவது அநேகமாக நான் சொன்னதாகத்தான் இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

புதுவாயலில் நான் குடியிருப்பது ஒரே சிமென்ட் ஷீட் கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய ஆறு வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும். அவர் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை பார்த்தார். வந்து சில வருடங்களானதால் அவள் எங்கள் பேச்சையே பேசப் பழகியிருந்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகியிருந்தபோது புயல் வந்தது. நான்கு நாள் விடாத மழை. கரண்ட் இல்லை. சுவரெல்லாம் ஊறி, தொட்டால் கை சில்லிட்டது.

அவளிடம் ஓர் அடுப்பு இருந்தது. பழைய இரும்பு வாளியின் உள்ளே களிமண் பூசி, நடுவில் கம்பி வைத்து, கீழே காற்று போக ஓட்டை போட்டு அவளே செய்தது. சாலையோரம் லாரிகளிலிருந்து சிதறிய கரியைக் கணவர் பொறுக்கி வந்து கொடுக்க, ஆறு வீட்டுக்கும் முன்னால் ஓடும் பொது நடையில் வைத்துப் பற்றவைத்தாள். புகை ஆறு வீட்டுக்குள்ளும் புகுந்தது. கோடி வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா இது, எல்லாரும் இருமிக்கினு கீறாங்க. மொதல்ல அத அணை."

"ஊடு ரொம்ப சில்லுனு கீது. குழந்தைக்கு ஆகாது" என்றாள் அவள்.

நான் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். பழுப்பு நிறம், ஈரம், விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. கப்பலில் வரும் இந்தோனேசியக் கரி. சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தீரும், நிறையப் புகையும்.

"இது வேணாம். நான் நல்ல கரி கொண்டாறேன்" என்றேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆந்த்ரசைட் மாதிரிகள் இரண்டு, வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து, கொட்டக் காத்திருந்தன. உருக்கிய இரும்பில் கலக்க வார்ப்பாலைகள் வாங்கும், புகை அநேகமாக வராத கெட்டிக் கரி அது. எங்கள் அதிகாரியிடம் கேட்டு இரண்டையும் பைகளில் வாங்கிவந்தேன். ஒன்று முட்டை அளவுக் கட்டிகள். உடைந்த இடம் கண்ணாடிபோல மின்னும், கையில் கறுப்பு ஒட்டாது. மற்றது நெல்லிக்காய் அளவு, மங்கலானது, சாம்பல் அதிகம். என் கணக்கில் முதல் வகைதான் சந்தேகமில்லாமல் உயர்ந்தது.

அடுப்போ வேறு மாதிரி சொன்னது. பெரிய கட்டிகள் அரை மணி நேரமாகியும் பற்றவில்லை. சின்னவை மரக்கரித் தணலில் பற்றிக்கொண்டன. ஆனால் சாம்பல் கம்பியை அடைத்தது. கிளறிவிட்டால் தணல் அவிந்தது. சின்ன வயதிலிருந்தே கரி அடுப்பில் சமைத்தவள் அவள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடியில் மரக்கரி, அதன்மேல் சின்னவை ஒரு அடுக்கு, உச்சியில் பெரிய கட்டிகள் என்று அடுக்கினாள். குட்டையான நீலச் சுடர் வந்தது. இம்மியும் புகை இல்லை. மணிக்கணக்காகச் சூடு நின்றது. என் கணக்கை அவள் கை ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷம்தான். வீட்டுக்காரரும் வந்து பார்த்து, "இப்ப சரி, பொகையே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சாலையில் தண்ணீர் நின்றதால் மதியமே வேலையிலிருந்து வந்துவிட்டேன். நடையில் அடுப்பைக் காணவில்லை. அவள் கணவர் ஆலைக்குப் போயிருந்தார். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கதவைப் பலமாகத் தட்டினேன். வெகு நேரம் கழித்துத் திறந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தலை ரொம்ப வலிக்குது அக்கா. வாந்தி வருது."

உள்ளே கதகதப்பாக இருந்தது. ஜன்னலில் சாக்கு அடைத்திருந்தது. அறையின் நடுவே அடுப்பு அழகாக எரிந்துகொண்டிருந்தது. கட்டிலில் கிடந்த குழந்தையை முதலில் தூக்கினேன். கை துவண்டு தொங்கியது. இன்னொரு கையால் அவளை இழுத்துக்கொண்டு நடைக்கு வந்தேன். குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினேன். அசையவில்லை. மறுபடி சுண்டினேன். முகம் சுளித்தது. பிறகு ஈனமாக ஓர் அழுகை வந்தது. வீட்டுக்காரர் தன் காரில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம் குழந்தை பால் குடித்தது. அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எங்க ஊர்ல பொகை போற வரைக்கும் அடுப்ப வெளிய வெப்போம். பொகை நின்னா உள்ள எடுத்துப்போம். இதுல பொகையே இல்லியே அக்கா?"

அவள் ஊர் வீடு ஓட்டுக் கூரை, காற்று போய்வரச் சந்து நிறைய. இங்கே சிமென்ட் ஷீட்டும் சாக்கும். கரி எரியும்போது வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. புகையாவது கண்ணைக் கரித்து ஆளை வெளியே துரத்தும். எனக்கு இது பாடமாகத் தெரியும்.

"தப்பு என்னுது. சாம்பலப் பத்திச் சொன்னேன், சூட்டப் பத்திச் சொன்னேன். உள்ள வெக்காதன்னு சொல்லல" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் வீடு திரும்பினார்கள். மழை இன்னும் ஓயவில்லை. அடுப்பை நடையின் திறந்த கோடிக்கு, எந்த ஜன்னலுக்கும் எட்டாத இடத்துக்கு மாற்றினோம். வீட்டுக்காரர் நான்கு செங்கல் கொடுத்தார். இரண்டு செங்கல் அடுப்பின் மேல் சூடேறும்போது, மற்ற இரண்டும் சாக்கில் சுற்றி ஒரு தகரத்தட்டில் கட்டிலருகே இருக்கும். கதவிலும் ஜன்னலிலும் காற்றுக்கு வழி விட்டோம். அறை போதுமான அளவு கதகதப்பானது. அந்த வேலைக்கு, பற்ற நேரமானாலும் மெல்ல மெல்லக் கனியும் பெரிய கட்டிகளே நல்லவை என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

இப்போது எங்கள் ஆய்வுக்கூடத்தில் மிச்ச மாதிரியை யாருக்கும் வீட்டுக்குக் கொடுப்பதில்லை. அதிகாரியிடம் நடந்ததைச் சொல்லி நானே அந்த விதியைக் கேட்டு வாங்கினேன். அடுத்த மழைக்காலத்தில் நானும் அவளும், கரி அடுப்பை உள்ளே வைக்காதீர்கள் என்று சொல்ல, தொழிலாளர்கள் தங்கும் அறைகளுக்குப் போனோம். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. நான் தமிழில் சொன்னேன், அவள் இந்தியில் சொன்னாள். புகையே வரவில்லையே என்று, அறைக்குள் வாளி அடுப்பு வைத்திருந்த ஒருவர் அரைகுறைத் தமிழில் வாதாடினார். அவள் குழந்தையை அவர் முன்னால் காட்டி இந்தியில் ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்து துணியால் வாளியின் பிடியைப் பற்றி, அடுப்பை வெளியே கொண்டுபோய் வைத்தார்.