உப்பில்லாத ஞாயிற்றுக்கிழமைகள்

என் மனைவி சரஸ்வதிக்கு முதலில் இறுகியது மெட்டி. காலையில் இமைகள் தடித்திருந்தன; மூணாற்றுக் குளிர் என்று முடிவு செய்தோம். மூன்றாம் நாள் சோப்பு போட்டும் மெட்டி கழலவில்லை. தோட்ட மருத்துவர் அவள் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. பதினொன்று எண்ணிய பிறகே தோல் மேலே வந்தது.

நெஃப்ரைட்டிஸ் (சிறுநீரகம் அழன்று, உடம்பின் சத்து சிறுநீரோடு வெளியேறும் நோய்) என்றார். மாத்திரை, படுக்கை, உப்பில்லாச் சாப்பாடு.

"மூணு வாரம் பார்ப்போம். வீக்கம் வடியலைன்னா மதுரைக்குக் கொண்டுபோகணும். தள்ளிப்போட்டா சிறுநீரகம் போயிடும்."

அது எழுபதுகளின் நடுப்பகுதி. நான் தேயிலைத் தோட்ட ஆபீசில் தலைமை கிளார்க். எதற்கு எந்தப் படிவம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மருத்துவர் சொன்னதைத் தட்டச்சு செய்து அடுக்களைக் கதவில் ஒட்டினேன். உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றினேன். நடைமுறை பூர்த்தி.

லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசை) யாராவது படுத்துவிட்டால், மாதக்கணக்கில் கெடாத பண்டங்கள் வீடு வீடாக வரும். சரஸ்வதி தோட்டப் பள்ளி ஆசிரியை. கொழுந்தெடுக்கும் பெண்களின் பிள்ளைகள் அவளிடம்தான் படித்தார்கள். பருப்புப்பொடி, தொக்கு, மோர்மிளகாய் எல்லாம் வந்து சேர்ந்தன. சமையல் அறியாத நான் உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சி, மேலே பொடியைத் தூவிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் வீக்கம் முழங்காலுக்கு ஏறியது.

லயத்திலிருந்து பார்க்க வந்த முத்தம்மா, கொழுந்தெடுக்கும் பெண்களில் ஒருத்தி, கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்னய்யா இது, மேல?"

"நீ கொடுத்த பொடிதான்."

"அடக் கொடுமையே! உப்புப் போட்டுல்ல இடிச்சிருக்கேன். உப்பில்லாம பொடி எப்படி நாள்பட நிக்கும்?"

சரஸ்வதியைப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்தே இருந்தது. வெறும் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லையாம்.

"கதவுல ஒட்டுன காகிதத்துல பொடியப் பத்தி ஒண்ணும் இல்லையே" என்றாள்.

இதைப் படிப்பவர் வீட்டிலும் அப்படி ஒரு காகிதம் இருக்கலாம். உப்பைத் தேடும்போது ஜாடியோடு நின்றுவிடாதீர்கள்.

இனி உப்பில்லாமல் தாங்களே சமைத்துத் தருவதாக முத்தம்மாவும் மற்றப் பெண்களும் சொன்னார்கள். ஆனால் உப்பில்லாத சமையல் மறுநாளைக்குத் தாங்காது. அந்தப் பெண்களுக்கோ ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. ஃப்ரீசர் (உணவைக் கல்லாக உறைய வைக்கும் பெட்டி) தோட்ட மேலாளரான துரையின் பங்களாவில் மட்டுமே இருந்தது. அதில் இடம் கேட்டு மூன்று பிரதிகளில் விண்ணப்பம் தயாரித்தேன்.

"நீங்க எழுதிக்கிட்டு இருங்கய்யா. நாங்க அதுக்குள்ள பொங்கி இறக்கிருதோம்" என்றாள் முத்தம்மா. பங்களா சமையல்காரர் சுப்பையா அவள் தம்பி.

அந்த ஞாயிறு ஐந்து வீடுகளில் அடுப்பு எரிந்தது. சுரைக்காய்க் கூட்டு, கீரை மசியல், எலுமிச்சை பிழிந்த பாசிப்பருப்பு. ஃபாக்டரியில் மாதிரிக்காகத் தேயிலை அனுப்பும் சின்ன டப்பாக்களில் அடைத்து, கிழமை எழுதி ஒட்டினார்கள்.

"துரை பார்த்துட்டா?" என்று சுப்பையாவிடம் கேட்டேன்.

"கறிக்கு அடியிலல்லா வச்சிருக்கேன். தொரை அவ்வளவு ஆழத்துக்குக் கை விடமாட்டாரு."

எங்கள் சைவச் சாப்பாடு ஆட்டுக்கறிக்கு அடியில் இருந்ததை நான் வீட்டில் சொல்லவில்லை.

தினம் ஒரு டப்பா வரும். வெந்நீரில் இறக்கி வைத்தால் உறைந்த கட்டி ஓரத்திலிருந்து மெல்ல இளகும். முதல் வாய் எடுத்ததும் சரஸ்வதி முகம் சுளித்தாள்.

"தேயிலை வாசம். ஆனா இறங்குது."

மூன்றாம் வாரக் கடைசியில் மருத்துவர் மறுபடி அழுத்தினார். நான்கு எண்ணுவதற்குள் பள்ளம் நிரம்பிவிட்டது.

"மதுரை வேண்டாம்" என்றார். நான் வராந்தாவுக்குப் போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

டப்பாக்கள் மேலும் மூன்று மாதம் வந்தன. கடைசி டப்பாவைக் கழுவிக் கொடுத்த வாரம், என் விண்ணப்பம் 'அனுமதிக்கப்படுகிறது' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. முறைப்படி கோப்பில் சேர்த்தேன். அந்தப் பெண்கள் கொடுத்த ஞாயிறுகளைச் சேர்க்கத்தான் என்னிடம் கோப்பு இல்லை.

உப்புக்கு அனுமதி கிடைத்த அன்று சரஸ்வதி ஒரு கல்லை நாக்கில் வைத்தாள்.

"இவ்வளவு கரிக்குமா?" என்று துப்பிவிட்டாள்.

நான் ஓய்வு பெற்றும் பல வருடங்கள் ஆகின்றன. எங்கள் வீட்டுக் குழம்பில் இன்றும் பாதி உப்புதான். எனக்கு வாரம் என்றால் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சமைத்து, கிழமை ஒட்டி, அடுக்கி வைத்த டப்பாக்கள்தான். காலையில் அவள் செருப்பு மாட்டும்போது குனிந்து அவள் கணுக்காலில் கட்டைவிரலை வைக்கிறேன். பள்ளம் விழுவதில்லை. ஆனாலும் எண்ணுகிறேன்.

"எத்தனை?" என்பாள், மெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டபடி.